கால் பென்னிக் காடு

காலை ஆறே முக்கால். இங்கிலாந்தின் கிழக்கு ஓரம், ஸஃபக் மாவட்டம். கோதுமை அறுத்து முடித்த ஒரு காட்டில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். (எங்கள் கரூர்ப் பக்கம் மேட்டு நிலத்தைக் காடு என்போம். புலியெல்லாம் கிடையாது.) முழங்காலில் ஈரம். மூக்கில் ஈரம். எதிரே ஒரு சாண் ஆழத்துக்குக் குழி. நானே தோண்டியது.

"மெதுவா மாப்ளே, மெதுவா. ரோமாபுரிக் காசா இருந்தாலும் இருக்கும்" என்று முதுகுக்குப் பின்னால் மாமாவின் குரல்.

மண்ணைக் கிளறினேன். பளிச்சென்று ஏதோ தெரிந்தது. நெஞ்சு தடதடத்தது. எடுத்தேன்.

அந்தக் காலத்து கூல் டிரிங்க் டின்னில் பிய்த்து எறிவார்களே, அந்த வளையம்.

"பையில போடு."

"இதையா?"

"திரும்பக் குழியில போட்டீன்னா அடுத்த வாரம் அதே சத்தம் கேக்கும். அதே குழியை நீயே தோண்டுவே. நான் தோண்டியிருக்கேன்."

இந்த மாமா என் அக்காவின் கணவர். இப்ஸ்விச் நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை மனிதர்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மண்ணுக்குள். 'மெட்டல் டிடெக்டிங்' என்று பெயர். நம்மூரில் மெட்டல் டிடெக்டர் என்றால் சினிமா தியேட்டர் வாசலில் சட்டைப் பையைத் தடவுகிற சமாச்சாரம். அங்கே அது மீன் பிடிப்பது, தோட்டம் போடுவது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. கிளப் இருக்கிறது, பத்திரிகை இருக்கிறது. இந்தப் பைத்தியங்களை வைத்து பி.பி.சி. 2014-ல் ஒரு டி.வி. தொடரே எடுத்தது. அதை எடுத்த ஃப்ராம்லிங்ஹாம் ஊர் மாமா வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. அக்கா அந்தத் தொடரைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்து டி.வி.யில பாக்கறேன்டா. வீட்டுலயே ஓசியில நடக்குது" என்றாள்.

வியாதி ஆரம்பித்தது 2020 லாக்டவுனில். அறுபது பவுண்டுக்கு ஒரு மெஷின் வாங்கினார். ஃபீலிக்ஸ்டோ கடற்கரையில் ஆட்டிக்கொண்டு நடந்தார். சில்லறைக் காசுகள், ஒரு ஸ்பூன், யாரோ ஒரு பாவியின் கார் சாவி. அத்தோடு விட்டிருக்கலாம். 'இதைக் கொஞ்சம் சீரியஸாகச் செய்தால் என்ன?' என்று யோசித்தார். ஆண்கள் சீரியஸாக யோசித்தால் முதலில் என்ன செய்வோம்? இன்னும் விலை கூடிய மெஷின் வாங்குவோம். அறுநூறு பவுண்டு. அக்கா ஒரு வாரம் பேசவில்லை.

மெஷின் வேலை செய்யும் விதம் சுலபம். நீளக் கம்பின் நுனியில் தோசைக்கல் அளவு ஒரு வட்டம். அதற்குள் செம்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது மண்ணுக்குள் ஒரு காந்தப் புலம் இறங்குகிறது. கீழே உலோகம் இருந்தால் அதற்குள் குட்டி குட்டியாக மின்னோட்டம் பிறந்து, 'நான் இங்கே இருக்கேன்' என்று பதில் அனுப்புகிறது. இரும்பு என்றால் காதில் 'கர்ர்'. வெள்ளி என்றால் 'டிங்'. திரையில் ஒரு நம்பரும் வரும்.

இதற்கு மூதாதை, டெலிபோன் புகழ் கிரஹாம் பெல். 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தேட பெல் ஒரு கருவியோடு வந்தார். கருவி எங்கே வைத்தாலும் கத்தியது. கட்டில் மெத்தைக்குள் இரும்பு ஸ்பிரிங்! குண்டு அகப்படவில்லை. ஜனாதிபதியும் பிழைக்கவில்லை. பிற்பாடு இரண்டாம் உலக யுத்தத்தில் போலந்து ராணுவ அதிகாரி கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்க, யுத்தம் முடிந்ததும் வேட்டை வெடியிலிருந்து காசுக்குத் திரும்பியது.

ஒரு வில்லங்கம் உண்டு. தங்க மோதிரமும் டின் வளையமும் மெஷினுக்கு ஏறத்தாழ ஒரே சத்தம். 'குப்பை வேண்டாம்' என்று அந்தச் சத்தத்தை அடைத்துவிட்டால் தங்கமும் போச்சு. ஆகவே எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். மாமா தோண்டுகிறார்.

அவர் எழுதி வைத்திருக்கும் நோட்டை நான் ஆடிட் செய்தேன். (பி.காம். படித்தவன் வேறு என்ன செய்வான்?) மூன்று வருஷத்தில் டின் வளையம் 612. தோட்டாவின் பித்தளை மூடி 340. பட்டன் 97. ஈயக் குண்டு 41. ராணி விக்டோரியா காலத்துச் செப்புக் காசு 16. வெள்ளிக் காசு 5. மெஷின், பூட்ஸ், பெட்ரோல், இன்ஷூரன்ஸ் எல்லாம் கழித்துப் பார்த்தால் நிகர நஷ்டம், மயக்கம் வருகிற அளவு. அக்காவிடம் தொகையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் அந்த நோட்டில் நான் எதிர்பார்க்காத ஒரு காலம் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே பத்து இலக்க நம்பர். முதலில் போன் நம்பர் என்று நினைத்தேன்.

"இது என்ன மாமா?"

"அது கிடந்த இடம். ஜி.பி.எஸ். பாத்து எழுதறது. ஒரு மீட்டர் கணக்கு."

"டின் வளையத்துக்குக் கூடவா?"

"அதுக்கு இல்ல. பட்டனுக்கு எழுதுவேன்."

மெஷின் வாங்கியது சுலபம், காடு பிடிப்பதுதான் பாடு. அங்கே நிலத்துக்காரர் சம்மதமில்லாமல் ஒரு அடி மண்ணைத் தொடக் கூடாது. அரசாங்கம் பாதுகாக்கும் பழைய இடங்களில் அனுமதியில்லாமல் மெஷினை ஓட்டினாலே கேஸ். மாமா பதினெட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் கடிதம் போட்டார். பதினாறு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் 'நோ'. கடைசி ஒருவர், "நேரில் வா, பார்க்கலாம்" என்றார். மாமா ஒரு டப்பா முறுக்கோடு போனார். பண்ணைக்காரக் கிழவர் ஒன்றைக் கடித்தார். இரண்டாவதையும் கடித்தார். காடு கிடைத்துவிட்டது. எது கிடைத்தாலும் பாதிக்குப் பாதி. நம்மூரில் வாரத்துக்கு விடுகிற மாதிரிதான். இங்கே விளைச்சல் மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் விதைத்தது.

காடு எந்த ஊரில் என்று எழுத மாட்டேன். மாமா சத்தியம் வாங்கியிருக்கிறார். காரணம், ராத்திரி திருடர்கள். இருட்டில் டார்ச்சோடு வந்து தோண்டி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு போவார்கள். 'நைட்ஹாக்' என்று பெயர். குழியைக் கூட மூட மாட்டார்கள் என்பதில்தான் மாமாவுக்கு அதிகக் கோபம்.

எட்டரை மணிக்கு எனக்கு ஒரு 'டிங்'. சின்னச் சத்தம், ஆனால் சுத்தமான சத்தம். மாமா ஹெட்போனை வாங்கிக் கேட்டார். முகம் மாறியது. "தோண்டு. ஓரமாத் தோண்டு" என்றார். ஆறு அங்குலத்தில் ஒரு மண் கட்டி. உடைத்தேன். உள்ளே சுண்டு விரல் நகம் அளவுக்கு, கேக் துண்டு மாதிரி முக்கோணமாக, சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. பேன்டில் தேய்க்கப் போனேன்.

"தேய்க்காதே!" என்று மாமா போட்ட சத்தத்தில் வேலியிலிருந்து புறாக்கள் பறந்தன.

தண்ணீரை மெல்ல ஊற்றினார். பாதி எழுத்துகள். ஒரு சிலுவையின் ஒற்றைக் கை. மாமா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மூணாம் ஹென்றி ராஜா காலம் மாப்ளே. 1247-ல இந்த மாதிரி நீளச் சிலுவைக் காசு அடிச்சாங்க. இது கால் பென்னி."

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் புழங்கியது வெள்ளிப் பென்னி ஒன்றுதான். கூலிக்காரனுக்கு ஒரு நாள் கூலியே ஒன்றிரண்டு பென்னி. ஒரு ரொட்டி வாங்கப் போனால் சில்லறைக்கு எங்கே போவது? காசையே வெட்டினார்கள். பாதியாக வெட்டினால் அரைப் பென்னி, நாலாக வெட்டினால் கால் பென்னி. பின்பக்கத்துச் சிலுவையே வெட்டுக் கோடு. 1279-80-ல் முதலாம் எட்வர்ட் வட்டமாகவே அரைக் காசு, கால் காசு அடிக்கிற வரை இந்தக் கூத்து நடந்தது. மூன்று வருஷம் அக்கவுண்டன்சி படித்தும் 'சில்லறை இல்லை' என்ற பிரச்னைக்கு இப்படி ஒரு தீர்வு இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பஸ் கண்டக்டர்களிடம் சொல்லக் கூடாது.

எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு கூலிக்காரன் மடியிலிருந்து இது நழுவியிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் என்ன சண்டையோ.

"மாமா, இதை நான் ஊருக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"முடியாது."

"நான்தானே எடுத்தேன்?"

"பாதி கெழவரோடது. அந்தப் பாதியைக் கெழவர் குடுத்துட்டாலும், இங்க மண்ணுல எடுத்த பழைய பொருளை லைசென்ஸ் இல்லாம நாட்டை விட்டுக் கொண்டு போகக் கூடாது. அதுக்கெல்லாம் முன்னால ஆபீஸர்கிட்ட காட்டணும்."

"சட்டப்படி காட்டியே ஆகணுமா?"

மாமா யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர். "ஒத்தைக் காசுன்னா கட்டாயம் இல்ல" என்றார்.

விவரம் இதுதான். 1996-ல் போட்ட புதையல் சட்டம், 1997 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள், ஒரே இடத்தில் கிடைத்த இரண்டு மூன்று காசுகள் என்றால் பதினாலு நாளைக்குள் கரோனரிடம் சொல்ல வேண்டும். (சந்தேக மரணத்தை விசாரிக்கிறாரே, அதே கரோனர்தான்.) ஒற்றைக் காசு இதில் வராது. ஆனால் அதே 1997-ல் இன்னொரு ஏற்பாடும் ஆரம்பமானது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு அதிகாரி. யார் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அளந்து, எடை போட்டு, போட்டோ எடுத்து, கிடைத்த இடத்தையும் பதிந்துகொண்டு பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இதுவரை பதிந்தது பதினைந்து லட்சத்துக்கு மேல். பிடுங்கிக்கொள்வதில்லை என்பதால் ஜனங்கள் தாங்களாகவே வருகிறார்கள்.

"எழுதி என்ன மாமா ஆகப் போகுது? அதான் காசு கிடைச்சாச்சே?"

பதிலாக அவர் ரெண்டில்ஷாம் கதையைச் சொன்னார். அதுவும் ஸஃபக்கில்தான். ராத்திரித் திருடர்கள் தொல்லை தாங்காமல் ஒரு நிலத்துக்காரர் முறையிட, 2008-ல் தொல்லியல்காரர்கள் நாலு டிடெக்டர்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாலு பேரும் சம்பளமில்லாமல் வருஷக்கணக்கில் காடு காடாக நடந்தார்கள். கிடைத்த ஒவ்வொரு துண்டு துணுக்குக்கும் வரைபடத்தில் ஒரு புள்ளி. தனித்தனியாக எதுவும் பெரிய விலை பெறாது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தபோது, ஒரு பழைய ராஜாவின் ஊரே வரைபடத்தில் எழுந்து நின்றது. 2022-ல் அங்கே 23 மீட்டர் நீளத்துக்கு அரண்மனை மண்டபத்தின் அடையாளத்தைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துப் பழசு.

இன்னொரு கதையும் சொன்னார், இது குரலைத் தாழ்த்தி. 2015-ல் ஹியர்ஃபோர்டு பக்கம் இரண்டு பேருக்கு வைக்கிங் காலத்துப் புதையல் கிடைத்தது. சுமார் முந்நூறு காசு என்று மதிப்பு. நிலத்துக்காரரிடமும் சொல்லவில்லை, சர்க்காரிடமும் சொல்லவில்லை. ரகசியமாக விற்றார்கள். 2019-ல் ஒருவருக்குப் பத்து வருஷம், இன்னொருவருக்கு எட்டரை வருஷம் ஜெயில். அப்பீலில் குறைந்தது. ஒழுங்காகச் சொல்லியிருந்தால் லட்சக்கணக்கான பவுண்டு பரிசில் பங்கு வந்திருக்கும். திரும்பக் கிடைத்தது முப்பத்தொரு காசுதான்.

காசை ஒரு குட்டி பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் எழுதி, இடத்தைக் குறித்தார். குழியை என்னையே மூடச் சொன்னார். காலால் மிதித்துச் சமன் செய்த பிறகு குழி எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஹாக்ஸ்னி கிராமத்துக்கு வண்டியைத் திருப்பினார். டிடெக்டர்காரர்களுக்கு அது பழனி.

1992 நவம்பர் 16. அந்த ஊரில் ஒரு விவசாயி காட்டில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர், ரிட்டயரான தோட்டக்காரர், ரிட்டயர்மென்ட்டுக்குப் பரிசாகக் கிடைத்த டிடெக்டரோடு தேடப் போனார். சத்தம் வந்தது. வெள்ளி ஸ்பூன்கள், தங்கம், கைப்பிடி கைப்பிடியாகக் காசு! கொஞ்சம் எடுத்தவர், தோண்டுவதை நிறுத்தினார். விஷயத்தைச் சொல்லி அனுப்பினார். மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து முறையாக எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 ரோமானியக் காசுகள், சுமார் 200 தங்க வெள்ளிச் சாமான்கள். அவர் கையை வைக்காமல் விட்டதால், மக்கிப்போன மரப்பெட்டியின் சுவடு, உள்ளே இருந்த சின்னப் பெட்டிகள், பூட்டுகள், சாமான் இடிபடாமலிருக்க வைத்த வைக்கோல் வரை தெரிந்தது. 1993-ல் பரிசு 17 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அவர் அதை விவசாய நண்பரோடு பங்கு போட்டுக்கொண்டார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சொத்து!

அந்தக் காட்டில் இப்போது பார்க்க ஒன்றுமில்லை. ஊரில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் எட்மண்ட் ராஜா டேனிஷ் படைக்குப் பயந்து அதன் அடியில் ஒளிந்திருந்தாராம். அவர் குதிமுள் தங்கமாம். அது தண்ணீரில் மின்ன, அந்தப் பக்கம் போன புது மாப்பிள்ளையும் பெண்ணும் காட்டிக்கொடுத்துவிட்டார்களாம். அவர் விட்ட சாபத்தால் கல்யாண ஜோடிகள் அந்தப் பாலத்தைத் தவிர்ப்பார்கள் என்று கதை. உலகின் முதல் மெட்டல் டிடெக்டர் அந்த ஜோடிதான் என்பது மாமாவின் ஆராய்ச்சி.

பாலத்தின் மேல் நின்றபோதுதான் நான் ஒன்றைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"மாமா, நான் ஆறாவது படிக்கறப்ப அமராவதி ஆத்துல ஒரு பையன்கிட்ட காசு வாங்கினேன். மண்ணு சலிச்சுட்டிருந்தான். ரெண்டு ரூபா குடுத்தேன். சதுரமா, செம்பு. ஒரு பக்கம் யானை. இன்னொரு பக்கம் வில்லும் அம்பும்."

மாமா திரும்பிப் பார்த்தார். அவரும் கரூர்க்காரர். அது என்ன காசு என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. வில் சேரர் சின்னம். அமராவதி மணலில் சேரர் காசும் கிடைத்திருக்கிறது, ரோமானியக் காசும் கிடைத்திருக்கிறது. 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த, ராஜா தலை போட்ட வெள்ளிக் காசு கூடக் கரூரில் கிடைத்ததுதான். ஆனால் மணல் சலிப்பவர் கையிலிருந்து வியாபாரி, வியாபாரியிடமிருந்து சேகரிப்பவர் என்று கை மாறி வந்த காசுகள் ஏராளம். அவற்றுக்கெல்லாம் ஒரே விலாசம்: 'ஆத்துல கிடைச்சது.' கரூர்தான் சேரர் தலைநகர் வஞ்சி என்று ஒரு கட்சியும், இல்லை கேரளத்துக் கொடுங்கல்லூர்தான் என்று இன்னொரு கட்சியும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

நம் ஊரிலும் சட்டம் இருக்கிறது. 1878-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது இரண்டு ரூபாய். தப்பித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எந்த இடத்துல எடுத்தான் அவன்? பாலத்துக்கு மேக்கயா, கெழக்கயா?"

"கேக்கல மாமா."

"காசு எங்கே இப்போ?"

"டபிள்யூ டபிள்யூ எஃப் ட்ரம்ப் கார்டுக்கு மாத்திட்டேன். அண்டர்டேக்கர்."

இப்ஸ்விச் வரும்வரை மாமா எதுவும் பேசவில்லை.

ஊருக்குத் திரும்பும் நாள், லண்டனில் அரை நாள் இருந்தது. பிரிட்டிஷ் மியூசியம் போனேன். ஹாக்ஸ்னி புதையல் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். எல்லோரும் தங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்றது ஒரு வெள்ளிப் பொம்மை முன்னால். நாலு அங்குல உயரம், மகாராணி மாதிரி ஒரு பெண்மணி, கொண்டை, காதணி எல்லாம் தங்க முலாம். அடியில் ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் மூடும், ஒரு பக்கம் திருப்பினால் நிரப்பலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம். மிளகுப் பொடி டப்பா! கி.பி. 407-க்குப் பிறகு, ரோமாபுரி ஆட்சி ஆட்டம் கண்டபோது யாரோ ஒரு பணக்காரர் அவசர அவசரமாகப் புதைத்தது. மிளகு அந்தக் குளிர் தேசத்தில் விளையாது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து, கப்பலேறிப் போய் அந்த அம்மாளின் வயிற்றுக்குள் இறங்கியிருக்கிறது. அது எந்தக் காட்டில், எந்தப் பெட்டியில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று எல்லாமே எழுதியிருக்கிறார்கள்.

ஹீத்ரோ ஏர்போர்ட்டில் உட்கார்ந்து, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் பழைய சிநேகிதனுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். அவனிடம்தான் அந்தக் காசைக் கொடுத்தேன்.

"டேய், ஆறாவது படிக்கறப்ப உனக்கு ஒரு சதுரக் காசு குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"யானை போட்டது?"

"அதேதான்! வெச்சிருக்கியா?"

"அப்பவே அம்மா பழைய செம்புக் குடத்தோட எடைக்குப் போட்டுட்டாங்கடா" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "அண்டர்டேக்கர் கார்டு உங்கிட்டதானே இருக்கு? என் பையன் கேக்கறான்" என்றான்.